மேல்வெடி

என் கணவரை இருபத்தெட்டு வருடங்களாக நான் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவந்தேன். மறைவில் சொல்லவில்லை. கல்யாண வீட்டில், பிறந்தநாள் வீட்டில், கோயில் வாசலில், நாலுபேர் கூடி நிற்கும் எந்த இடத்திலும், அவர் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வேன். அவரும் சிரிப்பார். சிரிக்கிற மனிதனுக்கு நோகாது என்று நினைத்திருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் கூட. அது எனக்கும் தெரியும், என்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் தெரியும்.

விசயம் இதுதான். இந்த நகரத்தில் வருடத்துக்கு மூன்று நான்கு தடவை வாணவேடிக்கை விடுவார்கள். விக்டோரியா தினம், கனடா தினம், தீபாவளி, புதுவருடம். அயல் வளவில் முதல் வெடி வெடித்ததும் அவர் தன் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு பேஸ்மென்ருக்கு இறங்கிவிடுவார். ஓடமாட்டார், ஒருவருக்கும் ஒன்றும் சொல்லமாட்டார். கை கழுவப் போகிறவர் மாதிரி எழும்பிப் போவார். கீழே டிவியைப் பலமாகப் போட்டுவிட்டு, எல்லாம் அடங்கிய பிறகுதான் மேலே வருவார். மகள் சின்னவளாக இருந்தபோது போர்வையையும் இழுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போய்விடுவாள். எல்லார் வீட்டிலும் அப்பாமார் வெடிக்குக் கீழே போய் கார்ட்டூன் பார்ப்பார்கள் என்றுதான் அவள் கனகாலம் நம்பியிருந்தாள். நான் மேலே, விருந்துக்கு வந்தவர்களோடு நின்று, "எங்கட பங்கர் ஐயா இறங்கிட்டார்" என்று சொல்லிச் சிரிப்பேன்.

ஏன் போகிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணம் முடித்த முதல் வருடம், ஸ்காபரோவில் பதினோராம் மாடியில் குடியிருந்தபோது, ஒரேயொரு முறை சொன்னார். ஊரில் சண்டை நடந்தபோது, பத்தொன்பது வயதில், ஒரு பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், இரண்டு பகல் கிடந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய அண்ணன் கிடந்திருக்கிறார். அண்ணனுக்கு உயிர் இல்லை. வெளியே செல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்ததால் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. இவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுச் சோறு போடச் சொன்னார். நான் அன்றைக்கு அழுதேன். பிறகு வருடம் போகப் போக அந்தக் கதை எனக்குப் பழகிவிட்டது, அவர் இறங்கிப் போகிறது பகிடியாகிவிட்டது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நானும் சண்டைக்குள் வளர்ந்தவள்தான். ஆனால் எனக்கு வந்தது பயம் இல்லை, பெருமை. எனக்குச் சத்தம் தெரியும் என்கிற பெருமை. எங்கள் பக்கத்தில் பத்து வயதுப் பிள்ளைக்கும் அந்தப் படிப்பு இருந்தது. எது செல், எது ஹெலியிலிருந்து வருகிறது, எது பக்கத்தில், எது இரண்டு மைலுக்கு அப்பால் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். அதில் ஒன்றுதான் மேல்வெடி. காவலரணில் நிற்கிற ஆமிக்காரன் பயத்திலோ, குடித்துவிட்டோ, கிரிக்கெட்டில் வென்ற சந்தோசத்திலோ வானத்தைப் பார்த்துச் சுடுகிறது. எங்களை நோக்கி வருகிற வெடியில் காதோரம் ஒரு சீறல் இருக்கும். மேல்வெடியில் அது இருக்காது, சத்தம் மட்டும் மேலே விரிந்து போகும். அப்படிக் கேட்டால் யாராவது பெரியவர், "உது மேல்வெடி, பயப்பிடாதேங்கோ" என்பார். விழுந்து படுத்தவர்கள் எழும்பி, உடுப்பில் மண்ணைத் தட்டிவிட்டு, விட்ட வேலையைப் பார்க்கப் போவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எங்களுக்கு நிம்மதி.

மேலே போனது எங்கே போனது என்று நாங்கள் கேட்டதில்லை. ஒருநாள் எங்கள் குசினிக் கூரையில் ஓடு உடைந்து, அம்மிக்குப் பக்கத்தில் ஒரு சன்னம், துப்பாக்கிக் குண்டு, கிடந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அந்த அம்மியில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தவர் அம்மா. அவர் அதை எடுத்து யன்னலால் எறிந்துவிட்டு, மழைக்கு முதல் ஓடு மாற்ற வேண்டுமே என்றுதான் கவலைப்பட்டார். நாங்களும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. குறிபார்த்து வருகிற குண்டுக்குள் இருந்தவர்களுக்கு, குறிபார்க்காத சன்னம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

இந்த அறிவோடுதான் நான் கனடாவுக்கு வந்தேன். இதோடுதான் அந்த ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பின்னால் பலகை அடித்த டெக்கில் இருந்தேன்.

அன்றைக்கு மகளுக்குச் சம்பந்தம் பேச ஆட்கள் வந்திருந்தார்கள். மகளுக்கு அப்போது இருபத்தாறு வயது. அவளும் அவளோடு படித்த பெடியனும் எல்லாம் தாங்களாகவே பேசி முடித்துவிட்டார்கள். ஆனாலும் முறைக்குத் தாய் தகப்பன் வந்து கேட்க வேண்டும் அல்லவா. பெடியனின் வீட்டுக்காரர் ஸ்ரௌவ்வில்லில் புதிதாகக் கட்டிய பெரிய வீட்டில் இருப்பவர்கள். தகப்பன் சண்டை தொடங்க முதலே லண்டனுக்குப் படிக்கப் போய், அங்கிருந்து இங்கே வந்தவர். தாய் பல் டொக்டர். நாங்கள் ரூஜ் பக்கத்தில் ஒரு வரிசை வீட்டில் இருக்கிறவர்கள். நான் முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுகிற வேலை. அவர் கார்ப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நின்றவர்.

எனக்கு அந்த வித்தியாசம் உறுத்தியது. உள்ளதைச் சொல்கிறேன். ஒரு கிழமையாக வீட்டைத் துடைத்தேன். டெக்கில் போடப் புதுக் கதிரை நான்கு வாங்கினேன். அவர் போடவேண்டிய சேட்டையும் கால்சட்டையையும் நானே எடுத்து மடிப்பு அழுத்திக் கட்டிலில் வைத்தேன். தொழிற்சாலைக் கதை, ஊர்க் கதை, பங்கர்க் கதை ஒன்றும் எடுக்க வேண்டாம், கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லி வைத்தேன். அவர், "சரி மிஸ்" என்றார். அவர் பகிடி விட்டால் அவ்வளவுதான் விடுவார்.

வந்தவர்கள் உண்மையில் நல்ல மனிதர்கள். அதை நான் பிறகுதான் கண்டுகொண்டேன். அன்றைக்கு எனக்கு அவர்களுடைய கண் எங்கே போகிறது என்பது மட்டும்தான் கவனம். பெடியனின் தாய் வேலியில் ஒரு பலகை கழன்றதைப் பார்த்தபோது, நேற்றே ஆணி அடித்திருக்கலாமே என்று நினைத்தேன். மகளும் பெடியனும் குசினிக்குள் வடை சூடாக்கித் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார்கள். புகை போக்கும் விசிறி உள்ளே இரைந்துகொண்டிருந்தது. வெளியே டெக்கில் நாங்கள் நாலு பேர். அவர் எனக்கு வலது பக்கத்தில்.

அன்று உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. எந்த நாடு வென்றது என்று எழுதப் போவதில்லை. அந்த நாட்டுச் சனத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் எல்லாரும் சுடவில்லை. பின்னேரம் ஐந்து மணி இருக்கும். பெரிய வீதியில் கார்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. ஆட்கள் கார் யன்னலில் ஏறியிருந்து கொடி பிடித்திருப்பார்கள், அது இங்கே வழக்கம். பெடியனின் தகப்பனும் அவரும் பந்தைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பரவாயில்லை, பேச ஒரு விசயம் கிடைத்திருக்கிறது என்று நான் ஆறுதல்பட்டேன்.

அப்போது கேட்டது. முதலில் ஐந்து. ஒரு மூச்சு விட்டு மூன்று.

முதலாவது சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டாசு இல்லை, துவக்கு. கைத்துவக்கு. பெரிய வீதிக்கு அங்கால், தென்மேற்கில், பழைய பிளாசாப் பக்கம். சீறல் இல்லை, எங்களை நோக்கி இல்லை, சத்தம் மேலே போகிறது. இவ்வளவும் எனக்கு ஒரு நொடிக்குள் தெரிந்தது. முப்பது வருடம் கழித்தும் என் காது பிழைக்கவில்லை என்று ஒரு சந்தோசம்கூட வந்தது. அந்தச் சந்தோசத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே அறைய வேண்டும்போல இருக்கும்.

அவர் எழும்பிவிட்டார். புதுக் கதிரையின் கால் டெக் பலகையில் இழுபட்டுக் கீச்சிட்டது. பெடியனின் தகப்பன், பகலிலும் வாணவேடிக்கை விடுவார்களோ என்று கேட்டார். தாய் என் கணவரை அண்ணாந்து பார்த்தார். அவர் பார்த்த பார்வையில் ஒன்றும் இல்லை, எழும்பிய ஆளை யாரும் பார்க்கிற பார்வைதான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இவர் இப்போது கோப்பையைத் தூக்கிக்கொண்டு கீழே போகப் போகிறார், சம்பந்தம் பேச வந்தவர்களை டெக்கில் விட்டுவிட்டுப் போய் டிவி போடப் போகிறார், இதை நான் எப்படிச் சொல்லிச் சமாளிப்பேன் என்றுதான் என் மூளை ஓடியது.

வந்தவர்களைப் பார்த்துச் சிரித்து, "பட்டாசு. பந்து வெண்டிட்டாங்கள், கொளுத்துறாங்கள்" என்றேன். சிரித்தபடியே வலது கையால் அவருடைய சேட் நுனியைப் பிடித்துக் கீழே இழுத்தேன். குரலைத் தாழ்த்தி அவருக்கு மட்டும் கேட்கச் சொன்னேன்.

"மேல்வெடி. இருங்கோ. மானத்தை வாங்காதேங்கோ."

இருந்தார். இருபத்தெட்டு வருடத்தில் வெடிச்சத்தத்துக்கு அவர் மேலே இருந்தது அந்த ஒரு நாள்தான். நான் சொன்னதற்காக இருந்தார். மகளின் காரியம் கெட்டுப்போகக் கூடாது என்று இருந்திருப்பார். நான் உடனே பெடியனின் தாயிடம், உங்கள் குசினிக்கு எந்தக் கல் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லத் தொடங்கினார். எவ்வளவு நேரம் போயிருக்கும், ஒரு நிமிடம் வராது. நெட்டி முறித்த மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. என் கணவரின் தலை என் தோளில் வந்து சாய்ந்தது.

பயத்தில் சாய்கிறார் என்று நினைத்தேன். முழங்கையால் இடித்தேன். வாய் அசையாமல், "நேரா இருங்கோ" என்றேன்.

அதுதான் நான் அவருக்குக் கடைசியாகச் சொன்னது. அதற்குப் பிறகு அவர் கதிரையிலிருந்து சரிந்து பலகையில் விழுந்தார்.

மறுபடியும் என் கெட்டித்தனம். முதியோர் இல்லத்தில் பக்கவாதத்தை எத்தனை பேரில் கண்டிருக்கிறேன். வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறதா, கை தூக்க முடிகிறதா என்று பார்த்தேன். அம்புலன்ஸில் வந்தவர்களுக்கு இது ஸ்ட்ரோக் என்று நானே அடித்துச் சொன்னேன். இரத்தம் இல்லை. அவருக்கு அறுபது வயதிலும் அடர்த்தியான தலைமயிர், அதற்குள் ஒன்றும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்துவிட்டு ஒரு சின்ன வயது டொக்டர் வெளியே வந்தார். உங்கள் கணவரின் தலைக்குள் ஒரு உலோகம் இருக்கிறது, முன்பு ஏதாவது சத்திரசிகிச்சை செய்தவரா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் ஒருதரம் என்னைப் பார்த்துவிட்டு, அது சன்னம் என்று மெல்லச் சொன்னார். மேலே சுட்ட சன்னம் விழும்போது தலையோட்டைத் துளைக்கிற வேகத்தோடுதான் விழும் என்றும், இது சிலவேளைகளில் நடப்பதுதான் என்றும் சொன்னார். பெடியனின் தகப்பன் "என்ன, என்ன" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு ஒரு சொல்லிலேயே எல்லாம் விளங்கிவிட்டது.

பொலிஸ் அன்று பொழுதுபட முதலே வந்தது. ஒரு பெண் அதிகாரி, என் வயதுதான் இருக்கும். ஆஸ்பத்திரி விறாந்தையில் வைத்து ஒவ்வொருவராகக் கேட்டார். வெடிச்சத்தம் கேட்டதா, எத்தனை, எந்தப் பக்கமிருந்து, எத்தனை மணிக்கு. பெடியனின் தகப்பன் பட்டாசு என்றார். தாயும் அதையே சொன்னார். பிள்ளைகள் இருவருக்கும் விசிறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவர் என்னிடம் திரும்பினார். மகள் எனக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் கையில் ஆஸ்பத்திரிக்காரர் கொடுத்த பிளாஸ்ரிக் பை, அதற்குள் தகப்பனின் செருப்பும் மூக்குக்கண்ணாடியும்.

துவக்கு என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். துவக்கு என்று தெரிந்தால் ஏன் உள்ளே போகவில்லை? மகளுக்கு முன்னால் அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. நானும் பட்டாசு என்றே சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் என் கணவர் போய்விட்டார். கண் திறக்கவில்லை.

ஸ்காபரோவில் உடலைப் பார்வைக்கு வைத்த மண்டபத்தில் சனம் நிறைந்து வெளியேயும் நின்றது. ஊரில் அத்தனை செல்லுக்கும் தப்பியவர், இங்கே வந்து, சும்மா இருந்த இடத்தில் என்று ஒருவர் மாறி ஒருவர் சொன்னார்கள். விதி என்றார்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நல்ல மனத்துணிவு என்று என்னை மெச்சினார்கள். எவ்வளவு பெரிய கள்ளி நடுவில் நிற்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது.

மகளுக்கு ஒரேயொரு ஆறுதல் இருந்தது. அதை அவள் காலையில் கோப்பி குடிக்கும்போது என்னிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வாள். "அப்பாக்கு ஒண்டும் தெரியாது, என்னம்மா? ஹீ வாஸ் ஹப்பி. அவர் பயப்பிடேல்லைத்தானே?" நான், அவர் அங்கிளோடு பந்துக் கதை கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார், ஒன்றும் தெரியாது என்பேன். அவள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். மறுநாள் திரும்பக் கேட்பாள். வெடிச்சத்தத்துக்கு அவரோடு கீழே போய் இருந்தவள் அவள். அவருடைய பயம் எப்படிப்பட்டது என்று அந்த வீட்டில் அவளுக்குத்தான் தெரியும். அதனால்தான் அவளுக்கு அந்தப் பதில் அவ்வளவு தேவைப்பட்டது. நானும் சலிக்காமல் கொடுத்தேன்.

பொலிஸ் அதிகாரி ஓரிரு தடவை தொலைபேசியில் கதைத்தார். அன்றைக்கு நகரம் முழுவதும் ஹோர்னும் பட்டாசும், எங்கள் பக்கத்தில் துவக்குச் சத்தம் கேட்டதாக ஒருவரும் சொல்லவில்லை, எந்தத் திசை என்று தெரியாமல் எங்கே போய்த் தேடுவது என்றார். கடைகளின் கமராக்கள் பதிவுகளைக் கனநாள் வைத்திருப்பதில்லை என்றும் சொன்னார். மகள் அந்தக் கடைசி வசனத்தைப் பிடித்துக்கொண்டாள். வேலை இல்லாத சனிக்கிழமைகளில் தானே தேடப் போவதாகச் சொன்னாள்.

எங்கள் டெக் வடக்குப் பார்த்தது. அவர் இருந்த கதிரையும் வடக்குப் பார்த்துத்தான் இருந்தது. அதனால் அவள் வடக்கிலிருந்து தொடங்கினாள். வரைபடத்தில் பிளாசாக்களைக் குறித்துக்கொண்டு, அந்த நாளையும் நேரத்தையும் போட்டு, இதைக் கேட்டீர்களா, கண்டீர்களா என்று அச்சடித்த தாளோடு கடை கடையாக ஏறி இறங்கினாள். முடிவெட்டுகிற கடை, கொத்துரொட்டிக் கடை, உடுப்புத் தோய்க்கிற கடை, பெற்றோல் ஷெட். நான் யன்னலில் நின்று அவளுடைய கார் வலது பக்கம் திரும்புவதைப் பார்ப்பேன். இடது பக்கம் திரும்ப வேண்டும். முதலாவது சனிக்கிழமை பார்த்தேன், இரண்டாவது பார்த்தேன், மூன்றாவதும் பார்த்தேன். ஒரு தாய் இப்படி நிற்பாளா என்று கேட்டால், நின்றேன். வாயைத் திறந்தால் அவளுடைய ஆறுதல் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

நாலாவது சனிக்கிழமை மத்தியானம் அவள் வந்து வாசற்படியில் இருந்து சப்பாத்தைக் கழற்றினாள். குதிக்கால் தோல் உரிந்திருந்தது. ஒரு கடைக்காரர், செய்தியில் பார்த்தேன், உங்கள் வீட்டு ஆட்களே பட்டாசு என்று சொல்லியிருக்கிறார்களாம், பிறகு எங்களிடம் என்ன கேட்கிறீர்கள் என்று கேட்டாராம். அதைச் சொல்லிவிட்டு அழுதாள். தகப்பன் போனபோதும் அவள் அப்படி அழவில்லை.

நான் பக்கத்துப் படியில் இருந்தேன். "அந்தப் பக்கம் இல்லைப் பிள்ளை" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அது பட்டாசில்லை. துவக்கு. ஐஞ்சும் மூண்டும். பெரிய றோட்டுக்கு அங்கால, பழைய பிளாசாப் பக்கம். எனக்கு அப்பவே தெரியும்."

அவள் கழற்றிய சப்பாத்தை அந்தக் காலோடேயே திரும்பப் போட்டாள். கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வந்து கதவைப் பிடித்தபடி நின்றாள். நான் வீட்டுச் சட்டையோடேயே போய் ஏறினேன்.

பொலிஸ் நிலையத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். எங்கள் சனத்தில் ஒருத்தி வந்து இதைக் கேட்பதை என்னால் தாங்க முடியாது. என்னுடைய வேலைத்தள ஆங்கிலத்திலேயே சொன்னேன். எத்தனை வெடி, எந்த நேரம், எந்தத் திசை, எவ்வளவு தூரம், கைத்துவக்கு, வானத்தைப் பார்த்துச் சுட்டது. அந்தப் பெண் அதிகாரி எல்லாவற்றையும் எழுதினார். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டார். எங்கே பிறந்தேன், எந்த வருடம் வெளியேறினேன் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, அடுத்த வரியை நிரப்புகிற குரல். துவக்கு என்று தெரிந்தும் ஏன் ஒருவரும் உள்ளே போகவில்லை?

ஒருவர் போக எழும்பினார் என்றேன். யார் என்று கேட்டார். என் கணவர் என்றேன். நான்தான் சேட்டைப் பிடித்து இழுத்து இருத்தினேன் என்றேன். ஏன் என்றார்.

வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள் என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டார். நானும் திரும்பச் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். மகள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு விசாரணை என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதில் சொல்ல அதிகம் இல்லை. அந்தப் பிளாசாவுக்குப் போனார்கள். இரண்டு கடைகளில் கார்த் தரிப்பிடத்தைப் பார்த்தபடி கமரா இருந்தது. பழைய பதிவுகள் அழிந்து, மேலே புதியவை ஏறியிருந்தன. சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கோதுகள் கிடந்திருந்தால் யாரோ எப்போதோ கூட்டி அள்ளியிருப்பார்கள். முதல் நாளே தெரிந்திருந்தால் என்று அதிகாரி தொடங்கினார், மிச்சத்தைச் சொல்லவில்லை. நல்ல மனுசி. சுட்டவன் யாரென்று இன்றைக்கும் தெரியாது. ஒரு ஆள் செத்தது தன்னால்தான் என்று அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். தன் அணி வென்ற சந்தோசத்தில் எட்டு வெடி வானத்துக்கு வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பான். அடுத்த முறை வென்றாலும் சுடுவான். அவனிடம் போய்ச் சொல்ல ஒரு வழி இருந்தது, அதை நான்தான் அடைத்தேன்.

பெடியனின் வீட்டார் ஒருநாளும் மாறவில்லை. அவர்கள் இன்னும் என்னைச் சம்பந்தி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கல்யாணத்துக்கு இன்னும் நாள் வைக்கவில்லை. மகள் இப்போது தனியாக ஒரு அப்பார்ட்மென்ரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மரக்கறி வாங்கி வந்து குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கிவிட்டு, பிரஷர் குளிசை போட்டேனா என்று கேட்டுவிட்டுப் போவாள். இருக்கமாட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அன்றைக்குப் பொலிஸ் நிலையத்திலிருந்து வெளியே வந்து காரில் ஏறினோம். நல்ல வெயில். அவள் திறப்பைப் போட்டாள், ஆனால் காரை எடுக்கவில்லை. இரண்டு கையையும் சுக்கானில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி கேட்டாள்.

"அப்பா எழும்பினவரோ?"

"ஓம்."

"பயந்தோ?"

"ஓம் பிள்ளை. பயந்துதான்."

"சிரிச்சுக்கொண்டிருந்தவர் எண்டு சொன்னீங்களே."

"பொய் சொன்னனான்."

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் எனக்கு ஏதோ ஒரு பதில் வந்திருக்கும். பக்கத்தில் ஒரு கார் வந்து நின்று, ஒருவர் இறங்கிப் போனார். அவர் உள்ளே போய்க் கதவு மூடியதும் அவள் கேட்டாள்.

"நீங்கள் இழுத்து இருத்தின நேரம் அப்பான்ர முகம் எப்பிடி இருந்தது?"

"எனக்குத் தெரியாது."

"பக்கத்தில தானே அம்மா இருந்தனீங்கள்."

ஓம், பக்கத்தில்தான் இருந்தேன். அவருடைய சேட் நுனி என் கைக்குள் இருந்தது.

"நான் பாக்கேல்லைப் பிள்ளை," என்றேன். "நான் வந்த ஆக்களின்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."